பட்டாசுப் பெட்டிக்கு எதற்கு எம்டி5?

தீபாவளி நேரத்தில் வாங்குகிற பட்டாசுப் பெட்டியின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். க்யூஆர் கோடு. பக்கத்தில் பச்சையாய் ஒரு முத்திரை. இது இருந்தால் பசுமைப் பட்டாசு, இல்லாவிட்டால் டூப்ளிகேட். டிவி அப்படித்தான் சொல்கிறது, கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். கட்டத்தைப் பார்த்த நிம்மதியில் அவனவன் திரியைக் கிள்ளிப் பற்ற வைத்துவிட்டுப் போகிறான். அந்தக் கட்டம் தன்னளவில் எதையுமே நிரூபிக்கவில்லை என்பது பலருக்கு உறைப்பதில்லை. நிரூபிக்கக்கூடிய சமாச்சாரம் ஒன்று கணினி உலகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சும்மா கிடக்கிறது. நாலு வரி ஸ்கிரிப்டில் முடிகிற வேலை. பெயர் மெசேஜ் டைஜெஸ்ட். செல்லமாக ஹாஷ்.

முதலில் கட்டத்தின் கதை. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. புகை குறைந்த பட்டாசு மட்டும் செய்யலாம் என்றது. நாக்பூரில் இருக்கும் நீரி ஆய்வகம் புது கலவைகளைத் தயாரித்துக் கொடுத்தது. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சர் பசுமைப் பட்டாசை அறிமுகப்படுத்தியபோதே, போலியைத் தடுக்க க்யூஆர் கோடு என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டே வருடம். 2021 அக்டோபர் 29-ம் தேதி உத்தரவில், பசுமைப் பட்டாசு என்ற பெயரில் பெட்டியில் தவறான லேபிள் ஒட்டித் தடை செய்த சரக்கு விற்கப்படுவதாகவும், பெட்டியில் உள்ள க்யூஆர் கோடுகளே போலி என்று சொல்லப்படுவதாகவும் அதே உச்ச நீதிமன்றம் எழுத வேண்டி வந்தது. அப்புறமும் என்ன ஆச்சு? 2025 அக்டோபரில் டெல்லியில் சில நாட்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசு விற்க அனுமதி கொடுத்தபோது, க்யூஆர் கோடு உள்ள சரக்குதான் விற்கிறதா என்று ரோந்துக் குழுக்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் அதே கட்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவகாசிக்குப் பட்டாசு, தீப்பெட்டி தவிர மூன்றாவதாக ஒரு தொழில் இருக்கிறது: அச்சு. நாள்காட்டி, லேபிள், கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தக அட்டை என்று நாட்டுக்கே அடித்துக் கொடுக்கிற ஊர். குட்டி ஜப்பான் என்ற பட்டம் சும்மா வரவில்லை. அந்த ஊரில் போய், காகிதத்தில் அச்சடித்த ஒரு சதுரத்தை யாராலும் காப்பியடிக்க முடியாத அத்தாட்சி என்று நம்புவதற்குத் தனி தைரியம் வேண்டும் :-)

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரி பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. அதற்குள் பிழை திருத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது, ரீட்-சாலமன் என்று பெயர். கட்டத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை கிழிந்தாலும், கரி பட்டாலும் படிக்க முடியும். கிழிசலுக்கும் கரிக்கும் எதிரான காப்பு இது. மனிதனின் கள்ளத்தனத்துக்கு எதிராக அதில் ஒன்றுமே கிடையாது. தற்செயலாகக் கெடுவது வேறு, வேண்டுமென்றே கெடுப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

இப்போது டைஜெஸ்ட். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும், ஒரு பக்கக் கடிதமோ ஒரு மாத கேமரா பதிவோ, அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண் வரும். ஷா-256 என்றால் 64 எழுத்து. உள்ளே ஒரு கமா மாறினாலும் 64 எழுத்தும் தலைகீழாக மாறிவிடும். எண்ணை வைத்துக்கொண்டு கோப்பைத் திருப்பிச் செய்ய முடியாது. அவ்வளவுதான் விஷயம். பைத்தானில் ஹாஷ்லிப், பெர்லில் டைஜெஸ்ட் தொகுப்பு, பிஎச்பியில் ஹாஷ் என்று தொடங்கும் ஒரு கூட்டம் கட்டளைகள், எல்லாம் இலவசம்.

இந்த வேலையை ரொம்ப நாளாகச் சுத்தமாகச் செய்கிற ஒரு பழைய மொழி டிக்கிள். 1988-ல் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது. இன்றைக்குக் கல்லூரியில் சொன்னால் சிரிப்பார்கள். அதன் நூலகத்தில் எம்டி5, ஷா-256 போன்ற கட்டளைகளுக்கு மூன்று விதமாகத் தீனி போடலாம்: ஒரு சரம், ஒரு கோப்பின் பெயர், இல்லையென்றால் ஒரு சேனல். சேனல் என்றால் திறந்து வைத்த ஒரு வாய்க்கால் மாதிரி. கோப்பாக இருக்கலாம், நெட்வொர்க் இணைப்பாக இருக்கலாம், எடைமேடையிலிருந்து வரும் சீரியல் போர்ட்டாகவும் இருக்கலாம். டிஆர்எஃப் என்ற தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், டைஜெஸ்ட் கணக்கையே சேனலின் மேல் சல்லடை போலப் பொருத்திவிடுகிறது. தரவு தன் பாட்டுக்குக் கடந்து போகும், போகிற போக்கிலேயே எண் தயாராகும். எழுதி முடித்துச் சேனலை மூடும்போது எண்ணைக் கடைசியில் ஒட்டிவிட்டுப் போகவும் சொல்லலாம். திரும்பப் படிக்கும்போது சரிபார்த்துச் சொல்லும்.

கோப்புக்கும் சேனலுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நிரலாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய நுணுக்கம் என்று தோன்றலாம். வெம்பக்கோட்டை, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அது உயிர் சம்பந்தப்பட்டது. கோப்பு என்பது எழுதி முடித்த பிறகு கிடப்பது. எழுதியதற்கும் ஹாஷ் போட்டதற்கும் நடுவே யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். சேனலில் போட்டால் அந்த இடைவெளியே இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உண்டு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டியில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வரும் வாசகங்கள் மனப்பாடமாகிவிட்டன: அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, உள்குத்தகை, போர்மேன் கைது. விசாரணை என்று வந்தால் கேள்விகளும் அவையேதான். அன்றைக்கு எந்த அறையில் யார் யார் இருந்தார்கள்? எத்தனை கிலோ மருந்து வெளியே எடுக்கப்பட்டது? ஆலையை நடத்தியது உரிமம் வைத்திருப்பவரா, வேறு ஆளா? பதில் வருகைப் பதிவேட்டிலும் இருப்புப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது? வெடித்த ஆலையை நடத்தியவர் கையில். நோட்டாக இருந்தால் பக்கத்தைக் கிழிக்கலாம், எக்செல் கோப்பாக இருந்தால் கிழிக்கிற வேலைகூட இல்லை. செத்தவர் பெயர் அன்றைய ரெஜிஸ்டரில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் நஷ்டஈடு தொங்குகிறது.

இங்கேதான் டைஜெஸ்டைக் கேட்க வேண்டும். காலையில் ஆள் உள்ளே போன நேரமும், மருந்து அளந்த எடையும் பதிவாகும்போதே சேனலில் ஹாஷ் ஓடட்டும். அரை நாளுக்கு ஒரு தடவை அந்த 64 எழுத்து ஆலைக்கு வெளியே போய்விட வேண்டும். பீசோவுக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, வேண்டுமானால் தொழிற்சங்கத்துக்கும். வாங்கி வைப்பவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்துகூடத் தெரியப்போவதில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு ஒரு பெயரை அழித்தால், ஒரு எடையைத் திருத்தினால், எண் பொருந்தாது.

போர்மேன் முதலிலேயே பொய்யாக எழுதினால்? எழுதலாம், டைஜெஸ்டுக்கு உண்மை பொய் தெரியாது. ஆனால் அவர் வெடிப்பதற்கு முன்பே பொய் எழுத வேண்டும். எந்த அறை வெடிக்கும், யார் சாவார்கள் என்று தெரியாமல் எழுத வேண்டும். தினமும், எல்லா அறைக்கும், எல்லாருக்கும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி ஒரு பொய்க் கணக்கைப் பராமரிப்பதைவிட உண்மையை எழுதுவது சுலபம். வெடித்த பிறகு ஒரே ஒரு வரியைத் திருத்துவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சட்டத்தில் ஹாஷ் இல்லையா என்றால், இருக்கிறது, பேஷாக இருக்கிறது. 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆவணத்தைக் கொண்டு வந்து கொடுக்கிற நேரத்தில் எடுக்கிற ஹாஷ். அதற்கு முன் அந்தக் கோப்பு என்ன பாடு பட்டது என்று அது சொல்லாது. பீமா கோரேகான் வழக்கில் 2021-ல் அர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம், கைப்பற்றப்படுவதற்கு முன்பே ஒரு மடிக்கணினியில் வெளியாள் கோப்புகளை நுழைத்திருக்கிறார் என்று அறிக்கை கொடுத்தது. என்ஐஏ அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது இங்கே விஷயமில்லை. அந்தச் சண்டையை எந்த ஹாஷாலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் சண்டை ஹாஷ் எடுப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது.

அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் இன்னொரு கூத்து. எந்த முறையில் ஹாஷ் எடுத்தீர்கள் என்று டிக் அடிக்கக் கட்டங்கள் இருக்கின்றன: ஷா-1, ஷா-256, எம்டி5, மற்றவை. எம்டி5 ரான் ரிவெஸ்ட் 1992-ல் வெளியிட்டது. 2004-ல் சீனாவைச் சேர்ந்த வாங் சியாவ்யுன் குழு, ஒரே எம்டி5 வரும் இரண்டு வெவ்வேறு தரவுகளைக் காட்டிவிட்டது. 2008-ல் சுமார் 200 ப்ளேஸ்டேஷன்-3 விளையாட்டுப் பெட்டிகளை வைத்துப் போலி இணையச் சான்றிதழ் அதிகாரத்தையே உண்டாக்கிக் காட்டினார்கள். 2012-ல் ஃப்ளேம் என்ற உளவு நிரல் இதே ஓட்டை வழியாக மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தைப் போலி செய்தது. ஷா-1-க்கு 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வகமும் சேர்ந்து பால் ஊற்றினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2023-ல் எழுதிய சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்!

உடனே ஒரு விவரமான ஆள் எழுந்து, "ஏற்கெனவே இருக்கிற கோப்புக்குச் சமமான எம்டி5 வரும் இன்னொரு கோப்பை இன்றைக்கும் யாராலும் செய்ய முடியவில்லையே" என்பார். சரிதான். முடிவது வேறொன்று: இரண்டு கோப்புகளையும் ஒரே ஆள் முதலிலேயே திட்டமிட்டுத் தயாரித்தால், இரண்டுக்கும் ஒரே எம்டி5 வரவைக்கலாம். இப்போது பட்டாசுத் தொழிலை யோசிக்க வேண்டும். கலவை விவரத்தைத் தயாரித்து அனுமதிக்குக் கொடுப்பவர் யார்? தயாரிப்பாளரேதான். பேரியம் இல்லாத கலவை ஒரு பிடிஎஃப், பேரியம் நைட்ரேட் உள்ளது இன்னொரு பிடிஎஃப், இரண்டுக்கும் ஒரே எம்டி5. முதலாவதைக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு, இரண்டாவதையும் "இதுதான் சார் நீங்க பாஸ் பண்ணினது" என்று காட்டலாம். எம்டி5-ன் ஓட்டை மிகச் சரியாகப் பொருந்துகிற தொழில் எது என்று தேடினால் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கலவை தொழில் ரகசியம், வெளியே சொல்ல முடியாது என்பது அடுத்த ஆட்சேபம். நியாயம். ஹாஷ் மட்டும் கொடுத்தால் ரகசியம் வெளியே போகாது என்று கணினிக்காரர்கள் அவசரப்பட்டுச் சொல்வார்கள். அதுவும் தப்பு. நான்கு ரசாயனம், முழு சதவீதத்தில், கூட்டினால் 100 என்று வைத்தால் மொத்தம் 1,56,849 சேர்க்கைகள்தான் வரும். ஒரு சாதாரண மடிக்கணினி ஒரு நொடிக்குள் எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டுப் பார்த்து, போட்டிக் கம்பெனியின் புஸ்வாண மருந்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடும். கலவையோடு ஒரு நீளமான தற்செயல் எண்ணைச் சேர்த்து, அதன் பிறகு ஹாஷ் போட வேண்டும். அந்த எண்ணைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு வரிதான் கூடுதல். ஆனால் அந்த ஒரு வரியை மறந்தால் மொத்தமும் அம்பலம்.

இப்படி மறக்கிற இடங்கள் நிறைய. டிக்கிளில் சேனலை அப்படியே கொடுத்தால், வரி முடிவுக் குறிகளையும் எழுத்து முறையையும் அது தானாக மாற்றிப் படிக்கும். பைனரி நிலையில் வைக்க மறந்தால் விண்டோஸில் எழுதிய பதிவேட்டுக்கு ஒரு எண், அதையே அச்சு அசலாகச் சோதிக்கிறவருக்கு வேறு எண். நல்ல ஆளைக் கள்ளன் ஆக்கிவிடும். தமிழில் எழுதினால் இன்னும் விசேஷம். "தொழிலாளி" என்ற சொல்லின் முதல் எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே எழுத்து, ஹாஷுக்கு இரண்டு. அரசு அலுவலகத்து வானவில் எழுத்துருவில் அடித்தால் அது மூன்றாவது. எழுத்து முறையை முதலிலேயே ஒன்றாக நிர்ணயிக்காமல் ஹாஷ் கட்டாயம் என்று ஆணை மட்டும் போட்டால், முதல் வாரத்திலேயே திட்டம் நாறிவிடும்.

எல்லாவற்றிலும் அழகு, காலியான தரவின் ஹாஷ். சேனலை ஏற்கெனவே கடைசி வரை படித்துவிட்டு, தலைப்புக்குத் திரும்பாமல் மறுபடி ஹாஷுக்குக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. சமர்த்தாக ஒரு எண் வரும். எம்டி5-ல் அது டி41டி8 என்று தொடங்கும், ஷா-256-ல் இ3பி0சி4. ஒன்றுமே இல்லாததன் கைரேகை. ஆய்வுக்குப் போகிறவர் ரெஜிஸ்டரில் தினமும் இ3பி0சி4 என்றே இருப்பதைப் பார்த்தால், அந்த ஆலையில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, கணக்கு ஓடவில்லை என்று அர்த்தம்.

சரி, பெட்டி மேல் உள்ள கட்டத்துக்கு வருவோம். க்யூஆரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டத்துக்குள் பெட்டியின் தொடர் எண்ணும், கலவையின் ஹாஷும், அவற்றின் மேல் அனுமதி கொடுத்த அமைப்பின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கட்டும். இணையம் இல்லாமலே ஒரு போன் சரிபார்த்துவிடும். அப்போதும் உண்மையான கட்டத்தை ஒருவர் ஜெராக்ஸ் எடுத்து ஆயிரம் பெட்டியில் ஒட்டலாம்தான். ஆனால் ஒரே தொடர் எண் மதுரையிலும் டெல்லியிலும் ஒரே நாளில் தலைகாட்டினால் குட்டு உடைந்துவிடும். பெட்டிக்குள் இருக்கிற மருந்தை மட்டும் எந்த ஹாஷும் முகர்ந்து பார்க்காது. அதற்கு ஆய்வகம்தான், சந்தேகமில்லை.

இதெல்லாம் சிவகாசிக்குக் கட்டுப்படியாகாது, பத்தாவது படித்த கணக்குப்பிள்ளைக்குப் புரியாது என்று கடைசியாக ஒரு அழுகை கிளம்பும். அவர்களுக்கு ஒரு செய்தி. ஜிஎஸ்டி மின் ரசீதில் ஐஆர்என் என்று 64 எழுத்தில் ஒரு எண் இருக்கிறதே, அது ஷா-256 ஹாஷ். அந்த ரசீதில் இருக்கும் க்யூஆர் கோடு டிஜிட்டல் கையொப்பமிட்டது, இணையம் இல்லாமலே சரிபார்க்கலாம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு வந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ள எல்லாருக்கும் கட்டாயம் ஆயிற்று, பட்டாசு ஆலைகள் உட்பட. அதே ஆலை, அதே கணக்குப்பிள்ளை, அதே கம்ப்யூட்டர். வரி வசூல் என்றதும் ஹாஷும் கையொப்பமும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சரக்கு லாரியில் ஏறிய பிறகு அதன் விலை பற்றிய காகிதத்தை யாரும் திருத்த முடியாது. அந்தச் சரக்கைச் செய்த அறையில் காலையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்கிற காகிதத்தை மட்டும் திருத்தலாம்.

பெரிய சர்வர், டெண்டர், பிளாக்செயின் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-லேயே வழி எழுதிவிட்டார்கள்: நேற்றைய ஹாஷை இன்றைய கணக்கோடு சேர்த்து அரைத்து இன்றைய ஹாஷை எடுப்பது, சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு நாளை மாற்றினால் பின்னால் வரும் எல்லா நாளும் உடையும். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாரா வாரம் தன் ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சின்ன விளம்பரப் பகுதியில் அச்சடித்தது. உலகம் முழுக்க உள்ள அத்தனை பேப்பரையும் யார் போய்த் திருத்துவது? விருதுநகருக்கு அதுகூட வேண்டாம். ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. காலை ஷிஃப்ட் ஹாஷ் 64, மதியம் எடுத்தது 64, ஆக 128. மிச்சம் 32 எழுத்தில் ஆலையின் உரிம எண்ணும் தேதியும் தாராளமாக அடங்கும்.